டர்பன் கோயிலில் பார்வையாளர் கூடத் தொண்டு: வயதான தம்பதி தெரிந்துகொண்டு வர வேண்டியவை

கேள்வியின் சுருக்கம்: கணவருக்கு 67, மனைவிக்கு 63. ஊர் வேலூர், மகள் குடும்பம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில். மகள் போகும் கோயிலில் பள்ளிப் பிள்ளைகளையும் சுற்றுலாப் பயணிகளையும் வரவேற்கும் கூடத்தில் ஆறு மாதம் தொண்டு செய்ய ஒரு தம்பதியைத் தேடுகிறார்கள். கணவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. ஆங்கிலம் சமாளிப்பார்கள். என்ன ஆயத்தத்தோடு வர வேண்டும்?

தலவரலாறும் தத்துவமும் வந்த பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் கால்.

கோயில் வளாகத்துக்குள் செருப்பு கிடையாது. கூடம் உள்ளே இருந்தால் முறை முடியும்வரை வெறுங்கால்தான். தரை சிமெண்டு, இல்லையென்றால் டைல்ஸ். டர்பனில் கோடை டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும். நீங்கள் மார்கழிக் குளிரில் விமானம் ஏறினால் இங்கே புழுக்கத்தில் இறங்குவீர்கள். பிப்ரவரி நண்பகலில் வெயில் படும் டைல்ஸ் கொதிக்கும். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவருக்கு அந்தச் சூடு உறைக்காது. வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியவரும், அதற்குள் புண்ணாகியிருக்கும். அதனால் புறப்படும் முன்பே 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து அழுத்திப் பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான சர்க்கரை மருத்துவர்களிடம் அந்த இழை இருக்கும், ஐந்து நிமிட வேலை. உணர்ச்சி குறைவு என்று தெரிந்தால் கணவரை உள்ளே நிறுத்தவே கூடாது. செருப்பு கழற்றும் எல்லைக்கு வெளியே, வாசல் நிழலில், ஷூ போட்டபடி அவர் வரவேற்கட்டும். உள்ளே மனைவி இருக்கட்டும். பெண் பார்வையாளர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகளுக்கும் உள்ளே ஒரு பெண் இருப்பதே நல்லது.

உள்ளே நிற்பவருக்குத் தேங்காய்நார் விரிப்பு ஒன்று, முதுகு சாய்க்கும் நாற்காலி ஒன்று. அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் உட்கார வேண்டும். சாக்ஸ் போட அனுமதி உண்டா என்று கோயில் குழுவிடம் காரணம் சொல்லிக் கேளுங்கள். அனுமதித்தால் அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ்தான் போட வேண்டும். காலையில் தரையைக் கழுவிவிட்ட ஈரத்தில் சாதாரண சாக்ஸ் வழுக்கும். இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிவு கொப்புளத்தைவிடப் பெரிய தொல்லை. இரவில் கால் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, கைக்கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். ஆறு மாதமும், ஒருநாள் விடாமல்.

நேரம்: ஒரு முறைக்கு மூன்று மணி, வாரத்தில் நான்கு நாள், அதற்கு மேல் ஒத்துக்கொள்ள வேண்டாம். "சாமி காரியம்தானே, தினமும் வருகிறோம்" என்று தொடங்குபவர்கள் மூன்றாவது வாரத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். வெள்ளியும் ஞாயிறும் கூட்டம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கல்யாணம் வேறு இருக்கும். அந்த இரண்டு நாளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போக்குவரத்தை முதலிலேயே பேசிவிட வேண்டும். மகள் வேலைக்குப் போகும் வழியில் இறக்கிவிடுவாள், சரி. பதினொரு மணிக்குத் திரும்ப யார் கூட்டிவருவது? டாக்ஸி என்று இங்கே சொல்வது பகிர்ந்து போகும் வேனை. புதிதாக வந்த முதியவர்களுக்கு அது தோதுப்படாது. எந்த நாள், எத்தனை மணி, சாவி யாரிடம், உடம்பு முடியாத நாளில் மாற்று யார், இந்த நான்கையும் குழுவோடு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக் கேட்டால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். பிற்பாடு மனக்கசப்பு வராமல் இருக்க அதுதான் வழி.

விசா விஷயத்தில் குறுக்கு வழி கூடாது. மகளைப் பார்க்க வரும் சாதாரண விசாவை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓர் அமைப்பில் முறை வைத்துப் பணி செய்வது, சம்பளம் இல்லையென்றாலும், சிக்கலுக்கு இடம் கொடுக்கும். மூன்று மாதத்துக்கு மேல் தங்கித் தன்னார்வ, தர்மப் பணி செய்யத் தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் தனியாகப் பார்வையாளர் விசா வகை இருக்கிறது. கோயில் குழுவின் கடிதத்தில் பணி என்ன, எத்தனை மாதம், ஊதியம் இல்லை, தங்கும் இடம் எது என்பவை தெளிவாக இருக்கட்டும். இந்தியாவில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்றும் வாங்கி வையுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வரும் இடம் என்பதால் குழுவும் கேட்கலாம். குழந்தைகளோடு பழகத் தகாதவர்களின் தேசியப் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை என்று உறுதி செய்ய இங்கே படிவம் 30 உண்டு. நிரப்பச் சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம், இது எல்லோருக்கும் பொது.

பயணச்சீட்டு எடுக்கும்போதும் ஒன்றைப் பாருங்கள். நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழியாக வந்து அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். 60 வயதுக்கு மேல் அந்த ஊசியின் கடும் பக்கவிளைவுக்கு வாய்ப்பு கூடுதல். சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று அந்த வழியை எடுப்பதைவிடத் துபாய் வழி வந்துவிடுவது மேல்.

அடுத்தது பேச்சு. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இங்கே "நான் தமிழ்" என்று ஒருவர் சொன்னால் அவருக்குத் தமிழ் பேசத் தெரியும் என்று பொருளில்லை. குடும்பம், வழிபாட்டு முறை, பண்டிகை நாள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் சொல் அது. "நாங்கள் தமிழ், அவர்கள் ஹிந்தி, இவர்கள் தெலுங்கு" என்பார்கள், பேசுவதெல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் பதில் வராதபோது "தமிழர் என்கிறீர்கள், தமிழ் தெரியாதா?" என்று கேட்டுவிடாதீர்கள். நாலைந்து தலைமுறையாகப் பெரும்பாலும் பள்ளியில் தமிழ் இல்லாமலேயே தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாடிக் காப்பாற்றியவர்கள் இவர்கள். உச்சரிப்பைத் திருத்துவதும், "எங்கள் ஊரில் இப்படிச் செய்யமாட்டோம்" என்பதும் தொண்டுக்கு வந்தவர் வேலை அல்ல. பூசாரியே கேட்டால் சொல்லுங்கள்.

"ஃபாஸ்டிங்" என்றால் பட்டினி இல்லை. மாமிசம், மீன், முட்டை விலக்கியிருக்கிறார்கள் என்று பொருள். புரட்டாசியில் பாதிப் பேர் அப்படிச் சொல்வார்கள். விரதக்காரர் என்று நினைத்துச் சுண்டலைத் தராமல் இருந்துவிடாதீர்கள். "போரிட்ஜ் பிரேயர்" என்பது ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது. காவடி "கவடி" ஆகிவிட்டது. உங்களை எல்லோரும் அங்கிள், ஆன்ட்டி என்பார்கள்; சின்னப் பிள்ளைகள் தாத்தா, ஆயா என்பதும் உண்டு.

ஒரு சொல்லை மட்டும் வாயில் வரவிடக் கூடாது. நமக்குக் "கூலி" என்றால் உழைப்புக்குத் தரும் பணம். இங்கே அதே சொல் வெள்ளையர் ஆட்சியில் இந்தியரை இழித்துக் கூப்பிட்ட வசை. மூதாதையரைப் பற்றிச் சொல்லும்போது ஒப்பந்தத் தொழிலாளர் என்றே சொல்லுங்கள். அதுபோல ஆப்பிரிக்க மக்களை நிறத்தால் சுட்டும் எந்தச் சொல்லும், தமிழில் தமக்குள் பேசும்போதுகூட, வேண்டாம். அக்கம்பக்கத்து ஜூலு மக்களும் கோயிலைப் பார்க்க வருவார்கள். ஒருவர் என்றால் "சவுபோனா", பலர் என்றால் "சானிபோனானி", நன்றிக்கு "ங்கியபோங்கா". மூத்த ஆண்களைப் பாபா என்றும், பெண்களை மாமா என்றும் அழைப்பார்கள். ஆம், மாமா என்றால் அங்கே அம்மா, முதல் வாரம் சிரிப்பை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். எதையும் இரு கையாலோ, வலக்கையை இடக்கையால் தாங்கியோ வாங்குவது அவர்கள் மரியாதை. பிரசாதத்தை நாம் வாங்கும் முறையும் அதுதான் என்று காட்டினால் வேறு விளக்கமே தேவைப்படாது.

பள்ளிக் குழு வரும் நாள்தான் உண்மையான சோதனை. ஒரு பஸ்ஸில் 45 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேருக்கும் ஒரே மாதிரிக் கறுப்புப் பள்ளி ஷூ. "கழற்றி ஓரமாக வையுங்கள்" என்று விட்டுவிட்டால் திரும்பும்போது அரை மணி நேரம் அழுகையும் சண்டையும்தான். பஸ்ஸிலிருந்து இறங்கிய வரிசையிலேயே நிற்கவைத்து, சாக்ஸை ஷூவுக்குள் திணித்து, இரண்டு ஷூவையும் நாடாவால் சேர்த்துக் கட்டி, வரிசை மாறாமல் சுவரோரம் வைக்கச் சொல்லுங்கள். வெளியே வரும்போதும் அதே வரிசை. கழற்ற ஒரு பத்து நிமிடம், போட ஒரு பத்து நிமிடம். ஒரு மணி நேர வருகையில் மிஞ்சுவது 40 நிமிடம். அதில் வரவேற்பும் விதிகளும் 5, உள்ளே சுற்றுவது 20, உட்கார்ந்து கேள்வி பதில் 15. இருபது நிமிடத்தில் மூன்று சன்னிதிக்கு மேல் காட்ட முயலாதீர்கள். எல்லாச் சாமியையும் சொல்லி முடிக்க நினைப்பவர்களிடம் பிள்ளைகள் ஒன்றையும் கேட்பதில்லை. பிள்ளையார், அம்மன், முருகன் போதும். குடிக்கத் தண்ணீர் ஆளுக்கு ஒரு டம்ளர், 200 மில்லி என்றால் 9 லிட்டர். குடத்தை நிழலில் முதலிலேயே நிரப்பி வையுங்கள், குழாயடியில் 45 பேர் நின்றால் தரை முழுக்க ஈரம்.

விபூதி, குங்குமம், பிரசாதம் மூன்றையும் கையில் எடுத்துக் கொடுக்காதீர்கள். தட்டில் வைத்து மேசை மேல் வையுங்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளைகளில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருப்பார்கள். நீங்கள் நீட்டினால் மறுப்பது அவர்களுக்குச் சங்கடம், வாங்கிக்கொண்டால் வீட்டில் சங்கடம். மேசையில் இருந்தால் இரண்டும் இல்லை. அன்பு மிகுதியில் அடுத்தவர் குழந்தை நெற்றியில் பொட்டு வைப்பது கூடவே கூடாது. பாயசத்தில் முந்திரி இருந்தால் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். குழு வரும் நேரத்தில் கர்ப்பூர ஆரத்தி இருந்தால் ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் உண்டா என்று ஆசிரியரிடம் முன்பே கேட்டு, அவர்களை வாசலோரம் நிறுத்துங்கள்.

கேள்விகள் திரும்பத் திரும்ப அதேதான்: ஏன் இத்தனை சாமி, நெற்றிப் பொட்டு எதற்கு, தீ மிதித்தால் சுடாதா, ஆடு கோழி பலி உண்டா. கடைசிக் கேள்விக்குப் பூசி மெழுக வேண்டாம். சில குடும்பங்கள் காவல் தெய்வங்களுக்கு அப்படி நேர்ந்துகொள்கின்றன, பல கோயில்கள் அதை ஏற்பதில்லை, இந்தக் கோயிலின் நடைமுறை இது என்று சொன்னால் முடிந்தது. தீமிதிக்கும் அப்படியே. பத்து நாள் விரதமிருந்து பக்தர்கள் நடக்கிறார்கள், கனல் மேல் சாம்பல் படிந்திருப்பதாலும் கால் சிறிது நேரமே படுவதாலும் பெரும்பாலும் சுடுவதில்லை, சில பேருக்குச் சுட்டதும் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். நம்பிக்கைக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. டர்பன் பக்கத்து இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா ஏன் பெரிய வெள்ளியை ஒட்டி வருகிறது என்பார்கள். தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்களுக்குச் சேர்ந்தாற்போல விடுமுறை கிடைத்தது ஈஸ்டரில்தான்; பஞ்சாங்கம் வேலை நாட்காட்டிக்கு வளைந்துகொடுத்த இடம் அது.

வரலாற்றில் மனப்பாடமாக இருக்க வேண்டியது சிறிது. சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிப் புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பன் வந்து சேர்ந்தது. ஒப்பந்தம் ஐந்து ஆண்டு, முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். 1911இல் நிறுத்தப்படும்வரை வந்தவர்கள் 1,52,184 பேர், அதில் பெரும்பங்கு சென்னை மாகாணத்தார். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950இன் குழுப் பகுதிச் சட்டத்தால் இந்தியர்கள் ஊர் ஊராகப் பெயர்க்கப்பட்டுச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். பல கோயில்கள் இப்போது பக்தர்கள் வசிக்காத இடத்தில் தனியாக நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆற்றங்கரைக் கோயில்களுக்கு வெள்ளம் வேறு: டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் உள்ள அம்பலவாணர் ஆலயத்தின் பழைய கட்டடம் 1905 வெள்ளத்தில் போய், இப்போதுள்ளது 1947இல் எழுந்தது. தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றி நீங்களே சொல்லலாம். ஜோகன்னஸ்பர்கில் பிறந்து, சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்தவர் என்றால் பள்ளிப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள், தங்கள் வயதுதான் என்பதால்.

நீங்கள் வேலூர்க்காரர்கள் என்பதால் வேறு யாராலும் முடியாத ஓர் உதவி உங்களால் முடியும். வாரத்துக்கு ஒருவராவது கப்பல் பட்டியலின் நகலைக் கொண்டுவந்து "எங்கள் பாட்டனார் ஊர் எது?" என்பார். பட்டியலில் தொழிலாளரின் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், அங்க அடையாளம் என்று இருக்கும். எல்லாம் ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி. வட ஆற்காடு என்று மிகப் பல பதிவுகளில் பார்ப்பீர்கள். இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மட்டும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சித்தூர் 1911இல்தான் தனி ஜில்லாவாயிற்று. அதற்கு முன் வட ஆற்காட்டில் இருந்த பல கிராமங்கள் இன்று ஆந்திராவில். செங்கல்பட்டு என்றால் காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கமும் தேட வேண்டும். கிராமப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "பாக்கம்", "பாடி", "ஊர்" என்ற ஈறு காதில் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

குடும்பப் பெயரை வைத்து ஒன்றும் முடிவு செய்யக் கூடாது. கவுண்டர் "கவெண்டர்" ஆனது, முதலி "மூட்லி" ஆனது, படையாட்சி "படியாச்சி" ஆனது, இவை நேர். ஆனால் தகப்பன் பெயரே குடும்பப் பெயராகப் பதிவான வீடுகளும், வந்த இடத்தில் பட்டத்தைச் சேர்த்துக்கொண்ட வீடுகளும் நிறைய. "நீங்கள் கவுண்டரா?" என்று சாதி கேட்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் விமானத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்; இங்கே அது பெயர், அவ்வளவே. தொழிலாளரின் எண் கையில் இல்லாமல் வருபவரிடம் பழைய பிறப்பு, கல்யாண, இறப்புப் பதிவுகளில் அந்த எண்ணைத் தேடச் சொல்லி, குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்துக்கும் டர்பன் ஆவணக் காப்பகத்துக்கும் வழிகாட்டுங்கள். வியாபாரத்துக்குத் தம் செலவில் வந்தவர்கள் அந்தப் பட்டியலில் இருக்கமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். "ஊருக்குப் போனதும் உங்கள் சொந்தக்காரரைக் கண்டுபிடித்துத் தருகிறேன்" என்ற வாக்கு மட்டும் வேண்டாம். நூறு வருடம் காத்திருந்த குடும்பம் அதை நம்பிவிடும்.

வருகைப் பதிவேட்டில் தேதி, எத்தனை பேர், எந்த ஊர் என்பது போதும். அடையாள அட்டை எண்ணும் கைப்பேசி எண்ணும் அடுத்தவர் கண்ணில் படும்படி திறந்த நோட்டில் எழுதவைப்பது 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஒவ்வாது. காணிக்கைப் பணத்தைக் கையால் தொடாதீர்கள். உண்டியலைக் காட்டிவிட்டு நகருங்கள். வரிவிலக்கு ரசீது, அதாவது "18ஏ", கேட்பார்கள். வழிபாட்டுக்கான நன்கொடைக்கு அது பொதுவாகக் கிடைக்காது, கோயிலின் சமூக நலப் பணிக்குத் தனி அனுமதி இருந்தால்தான் உண்டு, அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தாமரை வடிவக் கோயில் என்று தேடி வழிதவறி வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் சாட்ஸ்வொர்த்தில் 1985இல் திறக்கப்பட்ட ராதா ராதாநாத் கோயிலை. அதன் வழியை ஒரு சீட்டில் எழுதி மேசையில் வைத்துவிடுங்கள்.

திறக்கும் நேரத்திலும் பூட்டும் நேரத்திலும் வாசலில் தனியாக நிற்க வேண்டாம், இருவருமாக நில்லுங்கள். தாலிச் சங்கிலி புடவைக்குள் இருக்கட்டும், வளையல் வீட்டில். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 10177, போலீஸ் 10111, கைப்பேசியிலிருந்து எதற்கும் 112. மேசை மேல் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள், கோயில் முகவரியோடு. பதற்றத்தில் சொந்தத் தெருப் பெயரே மறந்துபோகும், இது புது ஊர். பயணக் காப்பீட்டில் ஏற்கனவே உள்ள சர்க்கரை நோயும் சேர்ந்திருக்கிறதா என்று அந்தப் பொடி எழுத்துப் பக்கத்தைப் படித்துப் பார்த்து எடுங்கள்.

பெட்டியில் ரப்பர் புள்ளிச் சாக்ஸ் நான்கு ஜோடி, கைக்கண்ணாடி, படிக்கும் கண்ணாடி இரண்டு, பழைய வட ஆற்காடு ஜில்லா வரைபடம் ஒன்றின் பெரிய அச்சு, மருந்துச் சீட்டுகள். வேப்பிலை, மஞ்சள் கிழங்கு, நவதானிய விதை எதுவும் வேண்டாம். அனுமதிச் சீட்டு இல்லாத செடி, விதை, கிழங்கை விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.